கசியும் ரப்பரும் விரையும் சக்கரமும்

பந்தய மிதிவண்டியின் டயரில் இரவில் அடைத்த காற்று காலையில் குறைந்திருப்பது, முள்ளோ ஆணியோ குத்தாத புதிய ட்யூபிலும் தவறாமல் நிகழ்வதாகும். இயற்கை ரப்பரால் ஆன மெல்லிய ட்யூபைப் பயன்படுத்திய அணிகளில் பழுதுநீக்குவோரின் காலைப் பொழுது பம்புடன்தான் தொடங்கியது. காற்றை நன்றாகத் தேக்கிவைக்கும் வேறொரு ரப்பர் 1937-இல் உருவாக்கப்பட்டு, கார், லாரி, அன்றாட சைக்கிள் ஆகிய அனைத்திலும் இடம்பிடித்த பிறகும், பந்தயச் சாலையில் மட்டும் கசியும் பழைய ரப்பரே நிலைத்திருந்தது. இதைப் பழமைப் பற்று என்று தள்ளிவிட முடியாது. காற்றைக் கசியவிடும் குணமும் விரைந்து உருளும் குணமும் ரப்பரின் ஒரே இயல்பிலிருந்து பிறப்பவை. அந்த இரண்டையும் பிரிக்க முடியாமல் போனதே பந்தய டயரின் வரலாறு.

ரப்பர் வாயுவை உள்வாங்கி வெளிவிடும் என்பது டயர் பிறப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவராக இருந்த ஜான் கியர்ஸ்லி மிட்செல், ரப்பர் சவ்வுகளின் வழியாக வெவ்வேறு வாயுக்கள் வெவ்வேறு வேகத்தில் வெளியேறுவதை 1831-இல் எழுதினார். அதற்கான விளக்கத்தை 1866-இல் லண்டனில் தந்தவர் தாமஸ் கிரஹாம். ரப்பரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் இருந்து அவற்றின் வழியே வாயு ஒழுகுகிறது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. வாயு ரப்பரின் ஒரு முகத்தில் கரைந்து, அதன் உள்ளே மெல்ல நகர்ந்து, மறுமுகத்தில் மீண்டும் ஆவியாக வெளிப்படுகிறது என்று காட்டினார். ரப்பரில் நன்கு கரையும் வாயு விரைவாகக் கடக்கும். அவருடைய அளவீட்டின்படி ஆக்சிஜன் நைட்ரஜனைவிட ஏறத்தாழ 2.5 மடங்கும், கார்பன் டை ஆக்சைடு 13 மடங்குக்கு மேலும் விரைவாக வெளியேறின. இன்று பந்தயப் பாதையில் கார்பன் டை ஆக்சைடு அடைத்த சிறு உருளையைக் கொண்டு அவசரத்துக்குக் காற்றேற்றும் வீரர், வீடு திரும்பியதும் அதை வெளியேற்றிவிட்டுச் சாதாரணக் காற்றை அடைப்பதற்கான காரணம் கிரஹாமின் அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. காற்றடைத்த சைக்கிள் டயர் எவருடைய கற்பனையிலும் பந்தயத்துக்கு வராத காலத்தில் செய்யப்பட்ட ஆய்வு அது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

காற்றடைத்த சக்கரத்துக்கு 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றிருந்தாலும், அது நடைமுறைக்கு வந்தது பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் அதே கருத்தைத் தாமாகவே மீண்டும் கண்டடைந்த பிறகுதான். மறு ஆண்டு மே மாதத்தில் அந்நகரின் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில் வில்லியம் ஹியூம் அந்த டயருடன் பந்தயங்களை வென்றதும் கெட்டி ரப்பர் சக்கரத்தின் காலம் முடிந்தது. டன்லப்பின் டயர் விளிம்போடு ஒட்டப்பட்டிருந்ததால் அதைப் பழுதுபார்ப்பது பெரும்பாடாக இருந்தது. மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரை உருவாக்கினர். அதைப் பூட்டிய சார்ல் தெரோன், 1891-இல் பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று பாரிஸ் திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை 71 மணி 22 நிமிடத்தில் வென்றார்.

ஆயினும் பந்தயத்துக்கென நிலைபெற்ற வடிவம் வேறு. பருத்தி அல்லது பட்டு நூலால் ஆன உறைக்குள் ட்யூபை வைத்து, உறையின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்து, தையலின் மேல் துணிப்பட்டை ஒட்டி, முழுவதையும் பசையால் ரிம்மில் பதிப்பது அந்த முறை. இவ்வாறு தைத்த டயருக்கு ட்யூபுலர் என்று பெயர். பிரான்ஸ் சுற்றுப் பந்தயம் 1903-இல் தொடங்கிய பின் பல ஆண்டுகள் வரை வீரர்கள் தங்கள் பழுதைத் தாங்களே நீக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், மாற்று ட்யூபுலர்களைத் தோளிலும் முதுகிலும் குறுக்காகச் சுற்றிக்கொண்டு அவர்கள் மலையேறினர்.

இந்த டயரில் மெல்லக் காற்று இறங்கும்போது காரணத்தைக் கண்டறிவது தேர்ந்த கைக்கும் எளிதன்று. தெருவோரப் பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி கிளம்பும் இடத்தைப் பார்த்துவிடலாம். ட்யூபுலரில் ட்யூப் தையலுக்குள் அடைபட்டிருப்பதால், ஓட்டை எங்கே இருந்தாலும் காற்று உறைக்குள்ளேயே ஓடிவந்து வால்வுத் துளையின் ஓரமாகக் குமிழியிடும். அதை நம்பி வால்வைப் பழித்தவர் பலர். ஐயம் தீர வேண்டுமானால் பட்டையைச் சிறிது தூரம் உரித்து, தையலை அறுத்து, ட்யூபை வெளியே இழுத்துப் பார்த்து, ஒட்டுப் போட்டு, பழைய ஊசித் துளைகளின் வழியாகவே மீண்டும் தைத்து, பட்டையை ஒட்ட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ட்யூபில் ஓட்டையே இல்லை என்று தெரியவருவதும் உண்டு. ரப்பரின் பரப்பு முழுவதும் கரைந்து கடக்கும் காற்று கண்ணுக்குத் தெரியும் குமிழி எதையும் காட்டுவதில்லை. ட்யூபுலர் குறுகலானது, உள்ளே இருக்கும் காற்றின் அளவு சிறிது, அழுத்தமோ கார் டயரைப் போல் மூன்று நான்கு மடங்கு. ஆகவே கசிவு சிறிதானாலும் அழுத்தம் விரைவாக இறங்குகிறது.

இந்த ட்யூப்களுக்கான ரப்பர் வந்த வழியில் தமிழரின் உழைப்பும் கலந்திருக்கிறது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் 1876-இல் லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடை தோட்டத்துக்கும் பின்னர் மலாயாவுக்கும் சென்றன. மிதிவண்டியும் காரும் கேட்ட ரப்பருக்காக மலாயாவில் காடு அழித்துத் தோட்டம் வளர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் குடும்பங்களே விடியுமுன் பால்மரம் சீவினர். ஐரோப்பியப் பந்தயங்களின் வரலாற்றை எழுதுவோர் அந்த உழைப்பைக் குறிப்பிடுவது அரிது. குறிப்பிடாமல் விடுவது வரலாற்றைக் குறைத்து எழுதுவதேயாகும். தோட்டத்துப் பாலைக் கெட்டிப்படாமல் அம்மோனியா சேர்த்துக் கப்பலேற்றும் முறை பரவியதும், அச்சைப் பாலிலேயே முக்கியெடுத்துக் காகிதம்போல் மெல்லிய ட்யூபை உருவாக்குவது இயன்றது. பந்தய வீரர் விரும்பிய ட்யூப் அதுவே.

நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வேதியியலாளர்களான வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் ஆகியோர் 1937-இல் பெட்ரோலிய வாயுவான ஐசோபியூட்டிலீனுடன் மிகச் சிறிதளவு ஐசோப்ரீன் கலந்து பியூட்டைல் ரப்பரை உருவாக்கினர். கந்தகத்தால் ரப்பரை உறுதிப்படுத்தும் வினைக்கு இடம் தரவே அந்தச் சிறிதளவு ஐசோப்ரீன். இயற்கை ரப்பர் கடத்தும் காற்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட இது கடத்துவதில்லை. ஜப்பானியப் படை 1942-இல் மலாயாவைக் கைப்பற்றி இயற்கை ரப்பரின் வரவு அற்றுப்போனதும் அமெரிக்கா பியூட்டைலைப் பெருமளவில் தயாரித்தது. போர் முடிந்தபின் நெடுநாள் காற்றைத் தாங்கும் ட்யூப் உலகெங்கும் இயல்பாயிற்று.

பந்தயக்காரர்கள் அதை ஏற்காததன் காரணத்தை இரண்டு பந்துகளைக் கொண்டே காட்டிவிடலாம். இயற்கை ரப்பரால் ஆன பந்தைக் கல்தரையில் போட்டால் துள்ளி எழும். பியூட்டைல் பந்து விழுந்த இடத்திலேயே ஏறக்குறைய அடங்கிவிடும். பியூட்டைலின் மூலக்கூற்றுச் சங்கிலியில் இருபுறமும் அணுத்தொகுதிகள் நெருங்கி அமைந்திருப்பதால் சங்கிலி எளிதில் நெளிவதில்லை. நெளியாத சங்கிலிகளுக்கிடையே வாயு நகர இடம் கிடைப்பதில்லை. அதனால் காற்று நிற்கிறது. அதே காரணத்தால் வளைத்த ரப்பர் தன் வடிவுக்கு மீளத் தயங்கி, வாங்கிய ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது. சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் தரையைத் தொடும் பகுதி நசுங்கி மீள்வதால், அந்த இழப்பு வீரரின் காலுக்குச் சுமையாகிறது. இதையே உருள்தடை என்பர். எடி மெர்க்ஸ் 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் கடந்த சாதனையைப் போன்ற முயற்சிகளில், ஓரிரு வாட் ஆற்றல்கூடக் கணக்கில் வரும். புறப்படுமுன் அழுத்தம் சரியாக இருந்தால் போதும், மறுநாள் டயர் எப்படி இருக்கும் என்பது அங்கே பொருட்டன்று. அன்றாடம் வேலைக்குச் செல்பவருக்கு மறுநாள்தான் முக்கியம் என்பதால் அவர் பியூட்டைலைத் தேர்ந்தெடுத்தார். இரு தேர்வுகளும் சரியானவை.

கார்ப் பந்தயம் இந்தச் சிக்கலை வேறு வழியில் சந்தித்தது. ட்யூப் இல்லாத டயரின் உட்புறத்தில் குளோரின் அல்லது புரோமின் சேர்த்த பியூட்டைலைப் பூசிக் காற்றை நிறுத்துவதும், காற்றுக்குப் பதில் உலர்ந்த நைட்ரஜனை அடைப்பதும் அங்கே வழக்கமாயின. நைட்ரஜன் மெல்லக் கசிகிறது என்பது அதன் சிறு நன்மையே. டயர் கொதிக்கும் வேளையில் ஈரப்பதம் அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடக் கூடாது என்பதே பெரிய நோக்கம்.

மிதிவண்டிப் பந்தயத்தில் ட்யூபுலரின் இடத்தை 2020-களில் ட்யூப் இல்லாத டயர் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. அதன் உள்ளே ஊற்றப்படும் அடைப்புத் திரவங்களில் பல அம்மோனியா கலந்த இயற்கை ரப்பர் பாலையே அடிப்படையாகக் கொண்டவை: சிறு துளையின் வழியே காற்று பீறிடும்போது பால் அங்கே உறைந்து துளையை மூடுகிறது. ஆனால் டயரின் பக்கச் சுவர் வழியாகக் கரைந்து கடக்கும் காற்றுக்குத் திரவம் முழு மருந்தன்று. அதைத் தடுக்க உட்புறப் பியூட்டைல் பூச்சைத் தடிப்பாக்கினால் டயரின் எடையும் உருள்தடையும் கூடுகின்றன. எனவே வேகப் போட்டிக்கான டயர்களில் தயாரிப்பாளர்கள் அந்தப் பூச்சை இயன்றவரை மெலிதாக்குகின்றனர். அணியின் பழுதுநீக்குவோரும் அழுத்தமானியைக் கொண்டு பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் ஒவ்வொரு சக்கரத்தையும் அளந்து, குறைந்ததை நிரப்பியே அனுப்புகின்றனர்.