ஸ்டூடியோக்களின் பொற்காலம்: பிலிப்பைன்ஸ் திரைப்படத் தொழில், 1946–1961

பிலிப்பைன்ஸ் திரைப்பட வரலாற்றில் 1950களைப் பொற்காலம் என்பது வழக்கம். அந்தப் பெருமை பெரும்பாலும் ஒருசில இயக்குநர்களின் கணக்கிலேயே சேர்க்கப்படுகிறது. ஆனால் அக்காலத்தை வளர்த்ததிலும் அதன் முடிவைத் தீர்மானித்ததிலும் ஸ்டூடியோ என்ற தொழில் அமைப்புக்கே முதன்மைப் பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

போரும் மீட்சியும்

பிலிப்பைன்ஸ் நாட்டவர் தயாரித்த முதல் கதைப்படமான ஹோசே நெபோமுசெனோவின் 'தலாகாங் புகிட்' 1919இல் வெளிவந்தது. ஸ்டூடியோ முறை வேர்விட மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. சம்பாகிதா 1937இலும் எல்.வி.என். 1938இலும் தொடங்கப்பட்டன. எல்.வி.என். நிறுவனத்தை வழிநடத்தியவர் நர்சிஸா தெ லியோன். திரையுலகினர் அவரை 'தோன்யா சிசாங்' என்று அழைத்தனர். ஜப்பானிய ஆக்கிரமிப்பில் படத் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோக, நடிகர்கள் நாடக மேடைக்குத் திரும்பினர். 1945 மணிலாப் போர் நகரைச் சிதைத்தது. போருக்கு முந்தைய படங்களில் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

1946இல் பிரீமியர் நிறுவனமும் பின்னர் லெப்ரானும் சேர, 'நான்கு பெரும் ஸ்டூடியோக்கள்' என்ற அமைப்பு உருவானது. நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் ஒப்பந்த முறையில் ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து பணியாற்றினர். கதைகளுக்குப் பஞ்சமில்லை, மார்ஸ் ராவெலோவின் 'ரொபெர்த்தா', 'தர்னா', 'தியெசெபெல்' முதலிய காமிக்ஸ் தொடர்கள் ஏற்கெனவே வாசகரைச் சேர்த்துவைத்திருந்தன. 1952இல் ஃபாமாஸ் திரைப்பட விருது அமைப்பும் தோன்றியது.

வெளியுலகின் கவனம்

மானுவல் கொண்டே இயக்கி, தானே நாயகனாக நடித்த 'செங்கிஸ் கான்' 1952 வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. லம்பெர்ட்டோ அவெல்லானா எல்.வி.என்.னுக்காக இயக்கிய 'அனாக் தலிதா' 1956இல் ஹாங்காங்கில் நடந்த தென்கிழக்காசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. கொரியப் போரிலிருந்து திரும்பும் வீரனும் பாலியல் தொழிலில் வாழும் பெண்ணும் அதன் மையப் பாத்திரங்கள். மணிலாவின் இன்ட்ராமுரோஸ் பகுதியில் குண்டுவீச்சில் இடிந்த தேவாலயமும் அதற்குள் குடிசை போட்டு வாழும் ஏழைகளும்தான் அதன் களம். காதல் படங்களும் இசைப் படங்களும் ஈட்டிய வருவாய் இருந்ததால்தான், வணிக உத்தரவாதமற்ற இத்தகைய முயற்சிகளை ஒரு ஸ்டூடியோவால் தாங்க முடிந்தது.

உழைப்பு யாருடையது?

இந்த அமைப்பின் உள்முரண்பாட்டை ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. எல்.வி.என்., சம்பாகிதா உள்ளிட்ட நிறுவனங்களில் பின்னணி இசைத்த கலைஞர்களின் சங்கம், தங்கள் சார்பில் பேச்சு நடத்தும் உரிமை கோரியது. அவர்கள் இசையமைப்பாளர் அழைத்துவரும் ஆட்கள், தங்கள் ஊழியர்கள் அல்லர் என்றன நிறுவனங்கள். உச்ச நீதிமன்றம் நடைமுறையைப் பார்த்தது. ஒலிப்பதிவின் நாள், நேரம், இடம் ஆகியவற்றை முடிவு செய்தது நிறுவனம். போக்குவரத்தும் இரவு உணவும் அதன் செலவு. பதிவின்போது கட்டுப்பாடு படத்தின் இயக்குநரிடம். ஆகவே, அவர்கள் நிறுவன ஊழியர்களே என்று 1961 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டில் எல்.வி.என். படத் தயாரிப்பை நிறுத்தியது. தீர்ப்பை அதற்கு ஒற்றைக் காரணமாக்க இயலாது. ஹாலிவுட் படங்களின் போட்டி, ஏறிவந்த செலவு, சொந்த நிறுவனம் தொடங்கிய நட்சத்திரங்கள் எனப் பல அழுத்தங்கள் சேர்ந்தே இருந்தன. ஃபெர்னாந்தோ போ ஜூனியரின் எஃப்.பி.ஜே. புரொடக்ஷன்ஸ் தொடங்கியதும் 1961இல்தான். அதிகாரம் ஸ்டூடியோவிலிருந்து நட்சத்திரத்தின் கைக்கு மாறியது.

முடிவுரை

ஸ்டூடியோ முறை சரிந்தபின்னும் நல்ல படங்கள் வந்தன. இயக்குநர் ஹெரார்தோ தெ லியோனின் 'நோலி மெ தாங்கெரே' 1961இல் வெளியானதே. எனவே 1961ஐத் திறமையின் வீழ்ச்சியாகக் கொள்வது பிழை. வீழ்ந்தது, அத்திறமைக்கு இடைவிடாது வேலை கொடுத்த அமைப்பு. அந்த அமைப்பின் பங்கு படங்களைப் பாதுகாத்ததிலும் தெரிகிறது. அரசின் தேசியத் திரைப்படக் காப்பகம் 2011இல்தான் அமைந்தது. அதுவரை எல்.வி.என். படங்களில் கணிசமானவை அழியாமல் தப்பியதற்குப் பெரும் காரணம், தயாரிப்பை நிறுத்திய பின்னும் அந்நிறுவனம் தன் ஆய்வகத்தை நடத்திவந்ததே.