கோட்டைமேடும் நான்கு உடன்படிக்கைகளும்

கோயம்புத்தூரில் கோட்டைமேடு இருக்கிறது; கோட்டை இல்லை. சர்வதேசச் சட்டம் என்றதும் ஜெனீவாவையும் ஹேக் நகரத்தையும் நினைக்கும் நாம், அச்சட்டத்தை வாள் எவ்வாறு திருத்தி எழுதியது என்பதற்கு இந்த மேடே சாட்சி என்பதை மறந்துவிட்டோம்.

1768இல் ஆங்கிலக் கும்பினியின் கர்னல் வுட் கோவையைக் கைப்பற்றினார். அவ்வாண்டு முடிவதற்குள் ஹைதர் அலி அதனை மீட்டுக்கொண்டார். 1769இல் சென்னைக்கு அருகிலேயே படையுடன் வந்து நின்று அவர் பெற்ற உடன்படிக்கையின் அடிப்படை, பிடித்த இடங்களை இரு தரப்பாரும் திருப்பித் தருவது என்பதாகும். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணை வரவேண்டும் என்றும் அதில் விதி இருந்தது. மராட்டியர் மைசூரின் மீது படையெடுத்தபோது கும்பினியார் அதனை வசதியாக மறந்தார்கள். 1783 நவம்பரில் கர்னல் புல்லார்ட்டன் பாலக்காட்டையும் கோவையையும் பிடித்தார். 1784 மார்ச் 11இல் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கையின்படி அவை திப்பு சுல்தானிடமே திரும்பின. இரு முறையும் இரண்டு அரசுகள் சமமாக அமர்ந்து பேசின.

அந்தச் சமநிலை எங்கே குலைந்தது? 1789 டிசம்பர் 29ஆம் நாள் சுல்தானின் படை திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கியது. கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய கோட்டைகளை டச்சுக்காரரிடமிருந்து திருவிதாங்கூர் மன்னர் விலைக்கு வாங்கியிருந்தார். தமக்குத் திறை செலுத்தும் கொச்சியின் மண்ணை விற்க டச்சுக்காரருக்கு ஏது உரிமை என்பது சுல்தானின் வாதம். வாதத்தில் வலு உண்டு. எனினும் வழக்கைப் பீரங்கியால் நடத்தியது பிழை என்று சொல்ல நாம் தயங்கலாகாது. நாடு பிடிப்பது தம் கௌரவத்திற்கு ஒவ்வாதது என்று 1784இல் சட்டம் இயற்றியிருந்த ஆங்கிலப் பாராளுமன்றம், பாதுகாப்பதாக ஒப்புக்கொண்ட நட்பரசு தாக்கப்பட்டால் போரிடலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருந்தது. காரன்வாலிஸ் பிரபுவுக்கு அந்த வாசல் போதுமாயிருந்தது.

1790இல் கோவை மீண்டும் கும்பினியின் கைக்குப் போயிற்று. 1791 நவம்பரில், நீண்ட முற்றுகைக்குப் பின் லெப்டினன்ட் சால்மர்ஸ் கோட்டையை ஒப்படைத்தார். பாலக்காட்டுக்குப் போக விடுவதாக அளிக்கப்பட்ட வாக்குறுதி காக்கப்படவில்லை. அவரும் வீரர்களும் ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குக் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். சுல்தானை நேசிப்போரும் இதனை மறைப்பதற்கில்லை. 1792 பிப்ரவரியில் அவருடைய சமாதானக் கடிதத்தைக் காரன்வாலிஸிடம் எடுத்துச் சென்றவர் விடுவிக்கப்பட்ட அதே சால்மர்ஸ்தான்!

அவ்வாண்டு மார்ச் 18இல் முடிவான உடன்படிக்கையில் திருப்பித் தருதல் என்ற பேச்சே இல்லை. பாதி நாடு, 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பிணையாக இரண்டு இளம் புதல்வர்கள். கொங்கு நாடு இரண்டாகப் பிளந்தது: சேலம், நாமக்கல், சங்ககிரி கும்பினிக்கு, கோவை சுல்தானுக்கு. 1799 மே 4இல் சுல்தான் ஷஹீதானார். ஜூன் 22இல் மைசூரைப் பங்கிட்டுக் கும்பினியும் நிஜாமும் செய்துகொண்ட உடன்படிக்கையிலோ தோற்றவரின் கையெழுத்துக்கே இடமில்லை. வென்றதே உரிமையாயிற்று, கோவை கும்பினியின் சீமையாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் கற்பித்த பேராசிரியர் அலெக்ஸாண்ட்ரோவிச் 1967இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை நிறுவினார். பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆசிய மன்னர்களைச் சட்டத்தின் முன் சமமான அரசர்களாக ஏற்ற ஐரோப்பியர், அடுத்த நூற்றாண்டில் அச்சட்டத்தைத் தங்கள் குடும்பச் சொத்தாகச் சுருக்கிக்கொண்டனர் என்பதே அது. முப்பதே ஆண்டுகளில், நான்கே தாள்களில், கொங்கு மண் அதனைக் கண்டுவிட்டது.

சட்டம் மறுபடியும் திரும்புவதற்கு இரண்டு உலகப் போர்கள் தேவைப்பட்டன. 1945இன் ஐ.நா. சாசனம் பிற நாட்டின் மீது படைபலம் காட்டுவதைத் தடுத்தது. எழுதிய வெற்றியாளர்களோ தமக்கு மட்டும் வீட்டோவை வைத்துக்கொண்டனர். 1969இன் வியன்னா ஒப்பந்தத்தின் 52ஆம் பிரிவு, சாசனத்துக்கு மாறாகப் படைபலத்தால் பெறப்படும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. 1974இல் ஐ.நா. பொதுச்சபை ஆக்கிரமிப்புக்கு இலக்கணம் வகுத்து, அதனால் கிடைக்கும் நிலத்தைச் சட்டபூர்வமாக ஏற்கலாகாது என்றது. இன்றைய அளவுகோலில் 1792ஆம் ஆண்டின் தாள் நிற்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் வியன்னா ஒப்பந்தமோ தனக்கு முற்பட்ட உடன்படிக்கைகளைத் தொடுவதில்லை என்று தன் 4ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது.