கணவாயின் இருபுறமும்: மணவிலக்குக்கு ஏடு உண்டா?

தென்காசியிலிருந்து செங்கோட்டை ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்று இவ்விரண்டும் 2019 நவம்பர் 22 அன்று உருவான தென்காசி மாவட்டத்தில் அடங்கியவை. ஆயின் 1956 நவம்பர் 1 வரை இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஓர் அரசியல் எல்லை இருந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை; செங்கோட்டையோ திருவாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. கொள்வினை கொடுப்பினை இவ்வெல்லையைப் பொருட்படுத்தவில்லை. சட்டம் பொருட்படுத்தியது. ஒரு முஸ்லிம் பெண் மணவிலக்குக் கோரி எந்த வாயிலைத் தட்டலாம், கிடைத்த விலக்குக்கு எந்த ஏட்டில் சான்று தேடலாம் என்னும் வினாக்களுக்கு இந்த எல்லையின் இருபுறமும் வெவ்வேறு விடைகள் இருந்தன. அந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

சாட்சியும் ஏடும்

மணவிலக்கைப் பிறர் அறியச் செய்ய வேண்டும் என்னும் கருத்து இஸ்லாத்திற்குப் புதியதன்று. திருக்குர்ஆனின் 'தலாக்' என்னும் 65ஆம் அத்தியாயத்தின் இரண்டாம் வசனம், சேர்த்துக் கொள்வதாயினும் பிரிந்து விடுவதாயினும் நேர்மையாளர் இருவரைச் சாட்சியாக்கப் பணிக்கிறது. நான்காம் அத்தியாயத்தின் 35ஆம் வசனம், பிணக்கு முற்றுமுன் இரு குடும்பத்தாரிடமிருந்தும் நடுவர்களை அமர்த்தச் சொல்கிறது. சுன்னத் வல் ஜமாஅத் அறிஞர்களில் பெரும்பாலோர் தலாக்கிற்குச் சாட்சியைக் கட்டாயமாக்காமல் விரும்பத்தக்கதாகவே கொண்டனர் எனினும், மறைவில் நிகழ்ந்து மறைவிலேயே மறைந்துபோகும் விலக்கு மார்க்கத்தின் நோக்கத்திற்கு இயைந்தது எனக் கூற இயலாது.

உதுமானியப் பேரரசின் காஜி மன்றங்கள் 'சிஜில்' எனப்படும் பதிவேடுகளைப் பேணின. இஸ்தான்புல், கெய்ரோ, ஜெரூசலம் ஆகிய நகரங்களின் சிஜில்கள் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்கு அரும்பெரும் சான்றுகளாகத் திகழ்கின்றன. மஹரை விட்டுக்கொடுத்துக் குலா பெற்ற பெண்கள், இத்தாக் காலச் செலவைக் கேட்டு வந்த பெண்கள் ஆகியோரின் வழக்குகளை அவற்றில் காண்கிறோம். எழுதி வைத்ததால்தான் அப்பெண்களின் உரிமை நிலைத்தது. நானூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் அவர்களை அறிய முடிவதும் அதனால்தான்.

காஜியின் அதிகாரம் குறைந்த கதை

இந்தியாவில் 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டம், திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனியச் சட்டமே பொருந்தும் என ஏற்றது. ஆயினும் அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மெல்ல மெல்லக் காஜியிடமிருந்து ஆங்கில நீதிமன்றங்களுக்கு மாறியது. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம், அரசு காஜிகளை நியமிக்கும் வழக்கத்தையே நிறுத்திவிட்டது.

அரசு நியமித்த காஜி இல்லாமல் திருமணங்கள் நடைபெறுவதில் இடர்ப்பாடு தோன்றவே, 1880இல் காஜிகள் சட்டம் பிறந்தது. இச்சட்டம் முதற்கண் சென்னை மாகாணத்திற்கு மட்டுமே உரியதாக இயற்றப்பட்டது என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. ஆனால் அதன் நான்காம் பிரிவு, இச்சட்டத்தால் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிருவாக அதிகாரமோ கிடைப்பதாகக் கொள்ளலாகாது எனத் தெளிவாக்கியது. பட்டம் திரும்பி வந்தது. தீர்ப்புச் சொல்லும் உரிமை திரும்பவில்லை.

வங்காளத்தில் நிலைமை சற்று வேறு. அங்கு 1876ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் முஸ்லிம் திருமணங்களோடு மணவிலக்குகளையும் விரும்புவோர் பதிவு செய்து கொள்ள வழிவகுத்தது. சென்னை மாகாணத்திற்கு அத்தகைய சட்டம் வாய்க்கவில்லை. ஆகவே இங்கு நிகாஹ், ஊர் ஜமாஅத்தின் தப்தரில் ஏறியது. தலாக்கோ அந்தத் தப்தரின் ஓரத்தில் ஒரு வரியாக நின்றது. அல்லது ஒரு கடிதமாகப் பெண்வீட்டாரின் பெட்டியில் தங்கியது. அல்லது எழுதப்படாமலே போயிற்று.

1939: நீதிமன்றத்தின் கதவு திறந்தது

ஹனபி மத்ஹபைப் பின்பற்றும் பகுதிகளில் பெண்ணுக்குப் பெருந்துயர் ஒன்று இருந்தது. கணவன் காணாமற் போனாலும், ஆண்டுக்கணக்கில் செலவுக்குக் கொடாமல் கைவிட்டாலும், அவள் விடுதலை பெறுதல் மிக அரிது. மாலிக் மத்ஹபில் இதற்குத் தீர்வு உண்டு. மௌலானா அஷ்ரப் அலி தானவி அவர்கள் 1930களின் தொடக்கத்தில் தம் 'அல்-ஹீலத்துந் நாஜிஸா' என்னும் நூலில், இத்தகைய இக்கட்டில் மாலிக்கிச் சட்டத்தைக் கைக்கொள்ளலாம் என நிறுவினார். உலமாக்களின் இவ்வாய்வு பின்னர் வந்த சட்டத்திற்கு வழிகோலியது.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, ஷரீஅத் ஏற்கும் காரணங்களின் பேரில் மனைவி மனுச்செய்தால் மாவட்ட நீதிபதி திருமணத்தைக் கலைக்கலாம் என்றது. ஈராண்டுக்குள் அப்பிரிவு நீக்கப்பெற்று, அதனிடத்தில் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டம் வந்தது. கணவன் நான்காண்டுகள் இருப்பிடம் தெரியாது போதல், ஈராண்டுகள் பராமரியாது விடுதல், ஏழாண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெறுதல், தக்க காரணமின்றி மூன்றாண்டுகள் இல்லறக் கடமையைச் செய்யாதிருத்தல், கொடுமை செய்தல் முதலியவற்றை அது காரணங்களாக வகுத்தது. திருமணம் கலைந்தாலும் மஹருக்கான உரிமை கெடாது எனவும் உறுதி செய்தது.

கடல் கடந்து பிழைக்கச் சென்ற ஆண்களைக் கொண்ட வட்டாரம் நம்முடையது. கடையநல்லூர், தென்காசி ஊர்களிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் பலர். இங்குக் 'காணாமற் போன கணவன்' என்பது ஏட்டுச் சொல் மட்டுமன்று. அத்தகைய வழக்கில், கணவன் இறந்திருந்தால் யார் வாரிசாவரோ அவர்களுக்கு அறிவிப்புச் செய்ய வேண்டும். தீர்ப்பாணை ஆறு மாதங்களுக்குப் பின்னரே செயற்படும். அதற்குள் கணவன் திரும்பி வந்து கடமையாற்ற ஆயத்தமெனக் காட்டினால் அது நீக்கப்படும். இவ்வேற்பாட்டின் நிதானம் கருதத்தக்கது.

ஆனால் இச்சட்டம் பிரித்தானிய இந்தியாவுக்கென இயற்றப்பட்டது, திருவாங்கூரைத் தொடவில்லை. தென்காசிப் பெண்ணுக்கு 1939இல் திறந்த கதவு, எட்டுக் கிலோமீட்டர் மேற்கே வாழ்ந்த அவள் தமக்கைக்குத் திறக்கவில்லை. 1956இல் எல்லை மாறிச் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஷரீஅத் சட்டம் உள்ளிட்ட தனியார் சட்டங்கள் சிலவற்றை முன்னாள் மன்னராட்சிப் பகுதிகளுக்கும் விரிவாக்க 1959ஆம் ஆண்டின் 48ஆம் சட்டம் தேவைப்பட்டது.

இதே காலத்தில் நம் மக்கள் குடியேறிய நாடுகள் வேறு வழியில் சென்றன. நீரிணைக் குடியேற்றங்களில் 1880ஆம் ஆண்டின் சட்டமே முஸ்லிம் மணத்தையும் மணவிலக்கையும் பதியச் செய்தது. 1908இல் பதிவு கட்டாயமாயிற்று. சிங்கப்பூரில் 1958இல் ஷரீஅத் நீதிமன்றம் நிறுவப்பட்டது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் சட்டமும் பின் 1951ஆம் ஆண்டின் சட்டமும் காதி மன்றங்களையும் விலக்குப் பதிவையும் ஏற்படுத்தின. அவற்றிலும் குறைகள் உண்டு. இலங்கை முஸ்லிம் பெண்கள் அவற்றைச் சுட்டிக்காட்டி வருகின்றனர். ஆயினும் கடையநல்லூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் மணவிலக்குச் செய்தால் அதற்கு ஏடு உண்டு. கடையநல்லூரிலேயே செய்தால் இல்லை என்னும் முரண் நெடுங்காலம் நிலவியது.

தீர்ப்பாணையைத் தேடுதல்

நீதிமன்றம் வழங்கும் விலக்கின் சிறப்பு அதன் நிலைபேற்றில் உள்ளது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, திருமண நிலை பற்றித் தகுதிவாய்ந்த நீதிமன்றம் அளித்த இறுதித் தீர்ப்பு, வழக்காடிய இருவரை மட்டுமன்றி அனைவரையும் கட்டுப்படுத்தியது. அச்சட்டத்தினிடத்தில் 2024 சூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டமும் இந்நெறியை மாற்றவில்லை.

வழக்கு முடிந்ததும் கட்டு ஆவணக் காப்பறைக்குச் செல்கிறது. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி, துணைத் தாள்கள் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்படலாம். தீர்ப்பின் நகல் வேண்டுவோர் நகல் மனுக் கொடுத்துச் சான்றிட்ட நகல் பெறலாம். அதற்கு வழக்கு எண்ணும் ஆண்டும் இன்றியமையாதவை. அண்மைக்கால வழக்காயின் மின்நீதிமன்றத் திட்டம் வழங்கும் பதினாறு இலக்க அடையாள எண் துணை செய்யும். தென்காசி தனி மாவட்டமாவதற்கு முந்தைய வழக்கைத் தேடுவோர் திருநெல்வேலி நீதிமன்றங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும். செங்கோட்டைப் பகுதியின் 1956க்கு முந்தைய வழக்காயின், அது திருவாங்கூர் மன்றங்களின் ஏட்டைச் சேர்ந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எனவே தீர்ப்பு வந்த நாளிலேயே இரண்டு மூன்று நகல்களைப் பெற்று, எண்ணைக் குடும்ப ஏட்டில் குறித்து வைப்பதே அறிவுடைமை.

எல்லை மீண்டும் தோன்றுகிறது

நீதிமன்றத்திற்கு வெளியே நிகழும் விலக்கிற்கு என்ன சான்று? 2002இல் உச்ச நீதிமன்றம் ஷமீம் ஆரா வழக்கில், முன்னொரு நாள் தலாக் சொன்னதாகக் கணவன் எதிருரையில் எழுதி விடுவதாலேயே தலாக் நிகழ்ந்ததாகாது என்றது. தக்க காரணமும் இணக்க முயற்சியும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். 2017 ஆகஸ்டு 22 அன்று ஷாயரா பானு வழக்கில் உடனடி முத்தலாக் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. 2019இல் அது தண்டனைக்குரிய குற்றமுமாயிற்று.

காஜியின் சான்றிதழும் வினாவுக்குள்ளாயிற்று. வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில் 2017 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், காஜி அளிக்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்துரையே என்றும், அத்தகைய சான்றிதழ்களை மேற்கொண்டு வழங்கலாகாது என்றும் இடைக்கால ஆணையிட்டது. 1880ஆம் ஆண்டின் நான்காம் பிரிவே இதற்கு அடிப்படை. 2023இல் அதே நீதிமன்றம், தனியார் மன்றங்கள் குலாச் சான்றிதழ் வழங்க இயலாது. பெண் குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்றது. 2024 அக்டோபரில், திருநெல்வேலி நடுவர் மன்றத்தில் தொடங்கிய வழக்கொன்றில் மதுரைக் கிளை, கணவன் கூறும் தலாக்கை மனைவி மறுத்தால் நீதிமன்றமே அதனை அறுதியிட வேண்டும், அதுவரை திருமணம் நிலைத்திருப்பதாகவே கொள்ளப்படும் என்றது.

கணவாய்க்கு அப்பால் வேறு காற்று வீசுகிறது. 2021 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், தன் 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றி, நீதிமன்றத்திற்கு வெளியே பெண் பெறும் குலாவும் செல்லும் என ஏற்றது. 2024 சனவரியில் அதே நீதிமன்றம் மற்றொரு குறையைச் சுட்டியது. திருமணப் பதிவேட்டில் மணம் ஏறுகிறது. தலாக்கை அதில் குறிக்க விதி இல்லை. கணவன் மறுமணம் செய்துகொள்ளலாம். பதிவு நீங்காதவரை மனைவிக்கு அது இயலாது. ஆகவே தனிச்சட்டப்படி நிகழ்ந்த தலாக்கைக் குறித்துக்கொள்ளப் பெண்ணை நீதிமன்றத்திற்கு அலைக்கழிக்க வேண்டாம் எனப் பதிவாளருக்கு அது பணித்தது.

புளியரையிலிருந்து ஆரியங்காவு செல்லும் பாதையில் இன்று மன்னராட்சியின் எல்லை இல்லை. ஆயினும் குலாவைப் பற்றியவரை அங்கே ஓர் எல்லை மீண்டும் உருவாகியிருக்கிறது.

ஜமாஅத்தின் கடமை

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். விலக்குக்கு அத்தகைய பொதுப் பதிவேடு இல்லை. மணமானவள் என்பதற்கு அரசுச் சான்று உண்டு. விலக்குப் பெற்றவள் என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பாணையன்றி ஏதுமில்லை. கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, மறுமணம் என எங்கு சென்றாலும் அவளிடமே தாள் கேட்கப்படுகிறது. இத்தாவை நிறைவு செய்தவளுக்கு மறுமணத்தை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அந்த அனுமதியைத் தாளின்மை தடுக்குமாயின் குறை நம் ஏற்பாட்டில்தான்.

ஜமாஅத்துகள் தீர்ப்பு வழங்க முற்படுவதைச் சட்டம் ஏற்கவில்லை. இணக்கம் காண முயல்வதையும், நிகழ்ந்ததை நேர்மையாக எழுதி வைப்பதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நாள், இரு சாட்சிகள், நடுவர் முயற்சி, மஹர் கொடுக்கப்பட்ட விவரம் ஆகியவற்றை நிகாஹ் தப்தரோடு ஒப்பிட்டுப் பதிந்து இருதரப்பிலும் ஒப்பம் பெற்றால், நாளை அவள் குடும்ப நீதிமன்றத்தில் தன் நிலையை அறுதியிடக் கோரும்போது அதுவே வலுவான சாட்சியமாகும். பின்னர் கிடைக்கும் தீர்ப்பாணையின் எண்ணையும் அதே பக்கத்தில் குறித்துவிட வேண்டும்.

சாட்சியாக்குங்கள் எனப் பணித்த மார்க்கத்தவர் நாம். மணநாளில் விரித்து வைக்கும் தப்தரை மணமுறிவு நாளில் மூடி வைப்பது நமக்கு அழகன்று.