பரபக்கம்: தொண்டை மண்டலத்தில் ஐயத்தின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 2024 ஆகஸ்ட் 17 அன்று பெண் தொழிலாளர்களுக்கான விடுதி திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பேர் தங்கும் அளவுக்குக் கட்டப்பட்டது அது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, இதே தொழிற்பகுதியைப் பற்றி ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஓர் ஆலைக்கு ஆள் எடுக்கையில் திருமணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாகவும், திருமணமான இந்துப் பெண்கள் அணியும் உலோக நகைகளும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டதாகவும் அது எழுதியது. நிறுவனம் மறுத்தது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. சட்டம், உற்பத்தி, முதலீடு எல்லாம் விவாதத்துக்கு வந்தன. தாலியும் மெட்டியும் அணிந்தவள் நம்பி அணிகிறாளா, வீட்டாருக்காக அணிகிறாளா, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாளா என்று அவளிடம் கேட்டவர்கள் அரிது.

இந்தத் தொண்டை மண்டலத்தின் சமய வரலாற்றில் அந்தக் கேள்விக்கு நெடிய மரபு உண்டு. மறுதரப்பின் கொள்கையை முதலில் அவர்கள் நிலையிலிருந்தே எடுத்துரைத்து, பிறகே மறுப்பது தமிழ்ச் சமய நூல்களின் முறை. சைவ சித்தாந்தம் அதைப் பரபக்கம் என்றது. வடமொழி வேதாந்தம் பூர்வபட்சம் என்றது. நம்பிக்கையும் ஐயமும் சமய ஆய்வும் தமிழில் இந்த முறையின் நிழலிலேயே வளர்ந்தன என்பதும், அச்சுக்காலம் அதைப் பலருக்குத் திறந்துவிட்டது என்பதும், இன்று அது தளர்ந்துவிட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வாதம் செய்த பெண்கள்

மணிமேகலையின் 27ஆம் காதையில் நாயகி வஞ்சி நகரில் சமயவாதிகள் பதின்மரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன் என்று வரிசை நீண்டு, கடவுளையும் மறுபிறப்பையும் ஏற்காத பூதவாதியில் முடிகிறது. கண்ணால் கண்டதையே ஏற்பேன் என்கிறான் அவன். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எப்படி அறிந்தாய் என்பது அவள் கேள்வி. மறுப்பு ஒரு கேள்வியில் முடிகிறது. ஆனால் அதற்கு முன் அவன் கொள்கை தெளிவாகச் சொல்லப்பட்டுவிடுகிறது.

இவள் இளம்பெண் என்று கருதி எவரும் தத்துவம் சொல்லமாட்டார்கள் என மணிமேகலா தெய்வம் முன்பே எச்சரித்திருக்கிறது. அதனால்தான் அவள் தவசியின் உருவெடுத்துக் கேட்கிறாள். அறிவுத்தேடலில் பெண்ணுக்கு இருந்த தடையைக் காப்பியம் மறைக்கவில்லை. பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் அவள் பௌத்த அளவை நூலைப் பயில்கிறாள். வல்லம் வடகாலுக்கு அருகிலிருக்கும் அதே காஞ்சிதான்.

நீலகேசியின் நாயகியும் பெண். சமண முனிவர் முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த பழையனூர் நீலி, அவர் அஞ்சாமை கண்டு மாணவியாகிறாள்; பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என ஒவ்வொருவரிடமும் சென்று வாதிடுகிறாள். இந்தச் சமண நூல் எதை மறுக்க எழுந்ததோ, அந்தப் பௌத்தக் காப்பியமான குண்டலகேசி இன்று முழுமையாக இல்லை. அதன் பாடல்கள் பலவற்றின் முதற்குறிப்புகளை நீலகேசியின் உரை காத்துத் தந்திருக்கிறது.

பெரும்புதூரின் முறை

ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்ததாக மரபு சொல்லும் இராமானுசர், காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பயின்று, ஆசிரியரின் உரையை ஏற்க இயலாமல் பிரிந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பற்றுடைய மாணவனுக்கும் ஐயம் எழலாம் என்பதை வைணவ மரபே தன் ஆசாரியரின் வரலாற்றில் பதிந்து வைத்திருக்கிறது.

அவருடைய ஸ்ரீபாஷ்யத்தின் முதல் சூத்திர உரையைத் திறந்தால் இந்த முறையின் முழு வடிவம் தெரியும். பிரம்மம் ஒன்றே மெய், உலகம் அவித்தையால் தோன்றுவது என்ற அத்வைத நிலை அங்கே மகாபூர்வபட்சமாக விரிகிறது. சான்றுகளும் தருக்கமும் குறைவின்றி வைக்கப்பட்ட பிறகே மகாசித்தாந்தம் தொடங்குகிறது. அவித்தைக் கொள்கையில் ஏழு வகைப் பொருந்தாமைகள் காட்டப்படுகின்றன. எதிராளியை எளியவனாக்கி வெல்லும் எண்ணம் அதில் இல்லை.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பாதியையே பரபக்கம் ஆக்கினார். பதினான்கு மதங்கள் அதில் பேசப்படுகின்றன. முதலில் நிற்பது உலகாயதம். ஆசீவகம் தமிழகத்தில் மறைந்தபின் அதன் கொள்கையை அறிய எஞ்சிய சான்றுகளுள் மணிமேகலையும் நீலகேசியும் சித்தியாரும் முதன்மையானவை. ஏ. எல். பாஷம் 1951இல் ஆசீவகர் வரலாற்றை எழுதியபோது இந்நூல்களைச் சான்றாகக் கொண்டார். மறுத்தவர்களின் நேர்மையால் மறுக்கப்பட்டவர்கள் வரலாற்றில் பிழைத்தார்கள்.

இம்மரபுக்கு எல்லையும் இருந்தது. வாதமேடை பெரும்பாலும் கற்ற ஆண்களின் மேடை. காப்பியப் பெண்கள் பேசினார்கள். ஊர்ப் பெண்களின் ஐயம் ஓலையில் ஏறவில்லை. கோயிலுக்குள்ளேயே விடப்படாதவர்களை எந்தப் பக்கத்தின் வாதியாகவும் எவரும் அழைக்கவில்லை.

அச்சு திறந்த வாசல்

அந்த எல்லையை உடைத்தது அச்சு; ஆனால் உடனே அல்ல. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு, தமிழர்களுக்குக் கடிதம் எழுதிச் சமயக் கேள்விகளுக்கு விடை பெற்று, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலை 1713இல் எழுதி முடித்தார். அது அச்சேறியது 1867இல்தான். பிறர் சமயத்தை ஆராய்வதை அவரை அனுப்பியவர்களே விரும்பவில்லை.

1882இல் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' இதழைத் தொடங்கினார்கள். படைப்பு, சாதி, சடங்கு, பெண்கள் நிலை எல்லாம் 1888 வரை அதில் வாதத்துக்கு வந்தன. அயோத்திதாசரின் ஐயம் மறுப்போடு நிற்கவில்லை. 1898இல் பௌத்தம் தழுவி, 1907இல் தொடங்கிய இதழில் தமிழ் வரலாற்றையே மறுவாசிப்புச் செய்தார். 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு செங்கற்பட்டில் கூடியது. ஸ்ரீபெரும்புதூரும் அன்று அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததே. இயக்க இதழான குடிஅரசில் நீலாவதி, குஞ்சிதம் குருசாமி போன்ற பெண்கள் தங்கள் பெயரிலேயே எழுதினார்கள். தவசி வேடமின்றிக் கேட்கும் உரிமை அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது.

மயிலை சீனி. வேங்கடசாமி 'கிறித்தவமும் தமிழும்' (1936), 'பௌத்தமும் தமிழும்' (1940), 'சமணமும் தமிழும்' (1954) என்று மூன்று சமயங்களின் தமிழ்ப்பணியைச் சான்றுகளோடு எழுதினார். மதம் பரப்பவும் அல்ல, பழிக்கவும் அல்ல. தமிழில் தற்காலச் சமய ஆய்வுக்கு நல்ல முன்மாதிரி அதுவே.

இன்றைய நிலை

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் உள்ளன. ஆழமான கல்விக்கு அவை தேவை. ஆனால் துறை பிரிந்தபோது, பதினான்கு மதங்களையும் ஒரே மாணவர் எடுத்துரைக்கவேண்டிய பழைய கட்டாயம் போயிற்று. பொதுமேடையிலோ ஆத்திகர் கூட்டத்தில் நாத்திகர் கேலிப்பொருள். நாத்திகர் கூட்டத்தில் பக்தர் ஏமாளி. இரு தரப்பும் பரபக்கத்தை விட்டுவிட்டன.

கணக்கெடுப்புகளும் இந்த இடத்தை நிரப்புவதில்லை. பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியர்களில் 97 விழுக்காட்டினர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவளுக்கும், விரதத்தை விட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லத் தயங்குபவளுக்கும் அதே 97க்குள்தான் இடம். அந்த இருவரின் வேறுபாட்டை அறிவதே சமய ஆய்வின் வேலை.

அதற்குத் தொண்டை மண்டலத்தின் பழைய ஒழுங்கை மீட்டாலே போதும். ஒருவரின் நம்பிக்கையையோ மறுப்பையோ பற்றிப் பேசுபவர், ஆம், நான் சொல்வது இதுதான் என்று அவரே ஒப்பும்படி அதை முதலில் எடுத்துரைக்க வேண்டும். விமரிசனம் அதற்குப் பிறகு. வல்லம் வடகால் விடுதியில் பல ஊர்ப் பெண்கள், பல சமயத்தினர், நம்புவோர், நம்பாதோர் ஒரே கூரையின் கீழ் உறங்குகிறார்கள். இத்தகைய இடத்தில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கலாம். மணிமேகலையின் 27ஆம் காதையை முதல் பாடமாக வைக்கலாம். ஆய்வாளர் அங்கே கேட்பவராகப் போகவேண்டும். இந்தத் தலைமுறையின் பரபக்கத்தை அந்தப் பெண்களே எழுத வேண்டும். அவர்களிடம் கேட்காமல் அவர்களின் சமயத்தைப் பற்றி எழுதப்படும் எந்த ஆய்வும் அரை ஆய்வே.