45 மதிப்பெண்ணில் முடியும் பள்ளிப் படிப்பு: ஐபி பட்டயம் செயல்படும் விதம்

இந்தியாவின் பெருநகரங்களில் உள்ள சர்வதேசப் பள்ளிகள் பலவற்றில், பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்புகளுக்கு இணையாக 'இன்டர்நேஷனல் பாக்கலாரியட்' எனும் ஐபி பட்டயப் படிப்பு நடத்தப்படுகிறது. பெயரில் பட்டயம் இருந்தாலும் இது பாலிடெக்னிக் டிப்ளமோ அன்று. இளங்கலைப் பட்டமும் அன்று. பள்ளியிறுதித் தேர்வுக்கு பிரான்சில் வழங்கும் பெயரிலிருந்து வந்த சொல் அது. 1968-ஆம் ஆண்டு ஜெனீவாவில் தொடங்கப்பட்ட லாப நோக்கமற்ற அமைப்பு இதனை நடத்துகிறது. இந்தியாவில் முதன்முதலில் இப்படிப்பை அறிமுகப்படுத்தியது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாகும்.

மாணவர் 6 பாடங்களை 2 ஆண்டுகள் பயில வேண்டும். முதன்மை மொழியும் இலக்கியமும், இரண்டாவது மொழி, சமூக அறிவியல், அறிவியல், கணிதம் ஆகிய 5 பிரிவுகளிலிருந்து தலா ஒரு பாடம் கட்டாயம். ஆறாவதாகக் கலைப் பாடத்தையோ, அதற்குப் பதிலாக முந்தைய பிரிவுகளிலிருந்து மற்றொரு பாடத்தையோ எடுக்கலாம். இவற்றில் பொதுவாக 3 பாடங்கள் உயர்நிலையிலும் (240 மணி நேரம்), ஏனையவை பொதுநிலையிலும் (150 மணி நேரம்) கற்பிக்கப்படுகின்றன. தாய்மொழிக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில், பள்ளியின் மேற்பார்வையுடன் அம்மொழி இலக்கியத்தைத் தாமாகவே பயிலவும் வழியுண்டு.

ஒவ்வொரு பாடத்துக்கும் அதிகபட்சம் 7 வீதம் 42 மதிப்பெண்கள். அறிவின் தன்மையை ஆராயும் 'அறிவுக் கோட்பாடு' பாடத்துக்கும், 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து 3 மதிப்பெண்கள். ஆக மொத்தம் 45. கலை, உடற்பயிற்சி, சமூகத் தொண்டு ஆகியவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அதனை நிறைவு செய்யாதவருக்குப் பட்டயமும் கிடையாது.

தேர்ச்சிக்கு 24 மதிப்பெண்கள் போதும் என்று பரவலாகக் கூறப்படுவது பாதி உண்மையே. உயர்நிலைப் பாடங்கள் மூன்றில் மட்டும் குறைந்தது 12 பெற்றிருக்க வேண்டும். ஏதேனும் ஒரு பாடத்தில் 1 மதிப்பெண் வந்தாலோ, ஆய்வுக் கட்டுரையில் கடைசித் தரமான 'இ' கிடைத்தாலோ, மொத்தம் 30-ஐத் தாண்டியவருக்கும் பட்டயம் மறுக்கப்படும். தனித்தனிப் பாடங்களுக்கான சான்று மட்டுமே அவர் கைக்கு வரும்.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் இப்பட்டயத்தை பிளஸ் 2-க்கு இணையாக அங்கீகரித்துள்ளது. எனினும் உள்நாட்டில் மருத்துவம் பயில விரும்புவோர் பாடத் தேர்வின்போதே விழிப்புடன் இருத்தல் அவசியம். நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தேவை. ஐபியின் வழக்கமான அமைப்பிலோ 2 அறிவியல் பாடங்களுக்கே இடமுண்டு. மூன்றாவதைச் சேர்க்க, பள்ளி வாயிலாக முன்கூட்டியே சிறப்பு அனுமதி பெற வேண்டும். படிப்பின் பாதியில் மனம் மாறுபவருக்கு இது எளிதன்று. கணிதத்திலும் இரு வகைகள் உள்ளன. பகுப்பாய்வை மையமாகக் கொண்ட வகையையே, அதிலும் உயர்நிலையில், வெளிநாட்டுப் பொறியியல் துறைகள் பல எதிர்பார்க்கின்றன.

இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலும் மே மாதம் நடைபெறும் இறுதித் தேர்வின் முடிவுகள் ஜூலை தொடக்கத்தில் வெளியாகின்றன. அதற்குப் பல மாதங்கள் முன்னரே, ஆசிரியர்கள் வழங்கும் கணிப்பு மதிப்பெண்களின் அடிப்படையில் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் நிபந்தனையுடன் இடம் அளிக்கின்றன. இறுதி மதிப்பெண் அந்த நிபந்தனையை எட்டாவிட்டால் இடம் பறிபோகலாம். கொரோனா பரவலால் 2020 மே மாதத் தேர்வுகள் ரத்தாகி, அகமதிப்பீடு, கணிப்பு, பள்ளியின் முந்தைய தரவுகள் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பெண் கணக்கிடப்பட்டபோது, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் பெற்ற மாணவர்கள் பல நாடுகளில் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

மதிப்பெண்ணில் ஐயமுள்ளவர்கள் பள்ளி மூலம் கட்டணம் செலுத்தி மறுமதிப்பீடு கோரலாம். அதில் மதிப்பெண் உயரவும் கூடும், குறையவும் கூடும் என்பதால் மாணவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே பள்ளிகள் விண்ணப்பிக்கின்றன.