முடிச்சிலிருந்து பசை வரை: கம்பளக் கட்டுமானத்தின் வரலாறு

தரையில் விரிக்கப்படும் நெசவுப் பொருள்களை அவற்றின் அமைப்பை வைத்து இரு பெரும் பிரிவுகளுக்குள் அடக்கலாம். நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் பாவு நூலும், அதன் குறுக்கே மேலும் கீழுமாக ஓடும் ஊடை நூலும் மட்டுமே கொண்டு நெய்யப்படும் தட்டை விரிப்புகள் ஒரு பிரிவு; அந்த நெசவை அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் வெட்டிய நூல் துணுக்குகள் மயிர்போல நிமிர்ந்து நிற்கும்படி அமைக்கப்படும் கம்பளங்கள் மற்றொரு பிரிவு. நிமிர்ந்து நிற்கும் அத்துணுக்குகள் இக்கட்டுரையில் குச்சு எனக் குறிக்கப்படுகின்றன. குச்சுக் கம்பளத்தின் வரலாற்றைப் பூவேலை, நிறம், அரசவை ஆதரவு ஆகியவற்றின் வழியாக எழுதுவதே வழக்கமாக இருந்துவருகிறது. எனினும் கம்பளத்தின் ஆயுள், விலை, பழுதுபார்க்கும் வாய்ப்பு ஆகியவற்றையும், அதைச் செய்தவர்களின் உழைப்பு முறையையும் ஒருங்கே விளக்கக்கூடியது, குச்சு கழன்று வராமல் எதனால் பிடிக்கப்படுகிறது என்னும் எளிய கேள்விதான். முதலில் முடிச்சும், பின்னர் ஊடையின் இறுக்கமும், கடைசியாகப் பசையும் அந்தப் பிடிப்பைத் தந்தன.

தட்டை விரிப்பில் இச்சிக்கல் எழுவதில்லை. தமிழகத்தில் திருமண வீடுகளிலும் பொதுக்கூட்டங்களிலும் விரிக்கப்படும் பவானி ஜமக்காளம் இப்பிரிவைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலேய ஆலைத்துணியின் போட்டியால் பிழைப்பை இழந்த ஜங்கமர் நெசவாளர்கள் பருத்த வண்ண நூலைக் கொண்டு இதை நெய்யத் தொடங்கினர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. இதில் ஊடை நூல் பருமனாகவும் நெருக்கமாகவும் அடிக்கப்படுவதால் பாவு முழுவதும் மறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் நிறமனைத்தும் ஊடையின் நிறமே. நாடா ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓடுவதால், ஊடையின் நிறத்தை மாற்றும்போது விரிப்பின் அகலம் முழுவதும் நிறம் மாறுகிறது. ஆகவே ஜமக்காளத்தின் அடையாளமாகிவிட்ட பட்டைகள் நெசவாளரின் ரசனையால் மட்டும் வந்தவையல்ல. அமைப்பு இயல்பாகத் தரும் வடிவமே பட்டைதான். பாரசீகத்திலும் துருக்கியிலும் நெய்யப்படும் கிலிம் விரிப்பில் ஒவ்வொரு நிற ஊடையும் தன் எல்லைவரை சென்று திரும்பிவிடுவதால் சாய்சதுரமும் முக்கோணமும் கைகூடுகின்றன; ஆனால் இரு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் நெசவில் சிறு பிளவு விழுகிறது. வளைகோடுகளைத் தட்டை நெசவில் கொண்டுவருவது கடினம். பூவும் கொடியும் விலங்கும் தரையில் படர வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் வைக்க இயல வேண்டும். முடிச்சு அதற்கு வழிவகுத்தது.

முடிச்சுக் கம்பளத்தின் மிகப் பழைய முழுமையான சான்று அல்தாய் மலைப்பகுதியில் உள்ள பசிரிக் என்னுமிடத்தில் கிடைத்தது. 1949இல் ருஷ்யத் தொல்லியலாளர் செர்கேய் ருதென்கோ அங்குள்ள ஐந்தாம் புதைமேட்டை அகழ்ந்தபோது, உள்ளே புகுந்த நீர் பனிக்கட்டியாக உறைந்து காத்துவைத்திருந்த கம்பளி விரிப்பொன்றைக் கண்டெடுத்தார். கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கம்பளம் ஏறத்தாழ 183 செ.மீ.க்கு 200 செ.மீ. அளவுள்ளது, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 36 முடிச்சுகள் என்ற கணக்கில் அதில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள் உள்ளன. இவ்வளவு தேர்ந்த வேலை ஒரு கலையின் தொடக்க நிலையாக இருக்க முடியாது என்பதில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு முந்தைய படிகள் ஈரமண்ணில் மட்கிப்போயிருக்க வேண்டும்.

பசிரிக் கம்பளத்தில் உள்ளது சமச்சீர் முடிச்சு. அருகருகே உள்ள இரு பாவு நூல்களையும் குச்சு நூல் சுற்றிவந்து, அதன் இரு முனைகளும் அவ்விரு பாவுகளுக்கு நடுவே மேலெழுகின்றன. பாரசீகத்திலும் பின்னர் இந்தியாவிலும் பெருவழக்காகிய சமச்சீரற்ற முடிச்சில் நூல் ஒரு பாவை மட்டுமே முழுதாகச் சுற்றி, அடுத்ததன் அடியில் நுழைந்து வெளியேறுகிறது. முனைகள் தனித்தனியே எழுகின்றன. முன்னது பிடிப்பில் உறுதி மிக்கது. பின்னது நெருக்கமாகக் கட்ட ஏற்றதாகையால் நுண்ணிய வளைகோடுகளுக்கு உதவுவது. இவை முறையே துருக்கி முடிச்சு, பாரசீக முடிச்சு என்றும் வழங்கப்படுகின்றன. ஆனால் ஈரானிலேயே பல வட்டாரங்களில் துருக்கி முடிச்சு கட்டப்படுவதால் அப்பெயர்களை நாட்டின் அடையாளமாகக் கொள்வது பொருந்தாது.

ஒரு வரிசை முடிச்சுகள் கட்டி முடிந்ததும், பெரும்பாலும் இரு ஊடைகள் செலுத்தப்பட்டு, வட இந்தியத் தறிகளில் பஞ்சா எனப்படும் கனத்த சீப்பால் அடித்து இறுக்கப்படுகின்றன. அவற்றுள் ஓர் ஊடை விறைப்பாகவும் மற்றொன்று தளர்வாகவும் செல்லும்போது, பாவு நூல்களில் ஒன்றுவிட்டு ஒன்று பின்னுக்குத் தள்ளப்பட்டு, அடித்தளம் ஈரடுக்காகிக் கனக்கிறது. அத்தகைய கம்பளத்தின் பின்புறத்தில் ஒரு முடிச்சுக்கு ஒரு புடைப்பே தெரியும். பாவுகள் சமதளத்தில் இருக்கும் கம்பளத்திலோ ஒரே முடிச்சு இரு புடைப்புகளாகத் தெரியும். இந்த வேறுபாட்டை அறியாமல் புடைப்புகளை எண்ணிப் பார்ப்பவர், உள்ளதைப்போல் இருமடங்கு எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார். வணிகத்தில் அவ்வாறு சொல்லப்படுவதும் உண்டு.

முடிச்சின் எண்ணிக்கையை மட்டும் தரத்தின் அளவுகோலாகக் கொள்வது ஏன் போதாது என்பதற்கு ஜுஃப்தி எனப்படும் இரட்டைப்பாவு முடிச்சு தெளிவான சான்று. இரு பாவுகளில் கட்ட வேண்டிய முடிச்சை நான்கு பாவுகளைச் சேர்த்துக் கட்டுவதே இம்முறை. கட்டுபவருக்கு உழைப்பு பாதியாகிறது. குச்சின் அடர்த்தியும் பாதியாகிறது. தறியிலிருந்து இறக்கிய நாளில் மேல்முகத்தைப் பார்ப்பவருக்கு எதுவும் புலப்படுவதில்லை. சில ஆண்டுகள் மிதிபட்ட பின்னரே குச்சு சாய்ந்து அடித்தளம் வெளித்தெரியத் தொடங்கும். ஈரானின் குராசான் பகுதிக் கம்பளங்கள் இதன் காரணமாகவே வணிகர்களிடம் பெயர் கெட்டன. முடிச்சுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் இப்படியொரு குறுக்குவழி தோன்றியதில் வியப்பதற்கு அதிகமில்லை.

முடிச்சின் உண்மையான வலிமை அதன் தனித்தன்மையில் உள்ளது. ஒவ்வொரு முடிச்சும் தன்னளவில் பாவைப் பற்றி நிற்பதால், ஒன்று அறுந்தாலும் பக்கத்து முடிச்சுகள் குலைவதில்லை. பாவும் ஊடையும் சிதைந்த இடத்தில்கூட அவற்றைப் புதிதாக இழுத்து மீண்டும் கட்ட முடிகிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபீல் கம்பளம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. கி.பி. 1539–40க்கு இணையான ஹிஜ்ரி ஆண்டு அதிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பாவும் ஊடையும் பட்டு; குச்சு கம்பளி; நீளம் சுமார் 10.5 மீட்டர், அகலம் சுமார் 5.3 மீட்டர், முடிச்சுகள் இரண்டரைக் கோடிக்கும் மேல். 1893இல் ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் பரிந்துரையோடு 2,000 பவுண்டுக்கு வாங்கப்பட்ட இக்கம்பளம், அதற்குச் சற்று முன்னர்தான் அதன் இணைக் கம்பளத்திலிருந்து எடுத்த பகுதிகளைக் கொண்டு செப்பனிடப்பட்டிருந்தது. கரைகளை இழந்த அந்த இணை இன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்றைக் குலைத்து மற்றொன்றை முழுமையாக்கியது சரியா என்பது வேறு விவாதம். அவ்வாறு செய்ய முடிந்ததே முடிச்சுக் கட்டுமானத்தால்தான்.

இந்தியாவில் முடிச்சுக் கம்பளத்துக்கு அரசு ஆதரவு அக்பர் காலத்தில் உறுதிப்பட்டது. ஆக்ரா, ஃபதேபூர், லாகூர் ஆகிய நகரங்களின் கம்பளப் பட்டறைகளை அவரது ஆட்சியைப் பதிவுசெய்த ஆயினி அக்பரி என்னும் நூல் குறிப்பிடுகிறது. தெற்கே எலூரு, மசூலிப்பட்டினம் வட்டாரத்தில் ஏற்றுமதிக்கென நெய்யப்பட்ட கம்பளங்கள் டச்சு வணிகக் கப்பல்களில் நெடுந்தொலைவு சென்றன. ஜப்பானின் கியோட்டோ நகரில் கியோன் திருவிழாத் தேர்களை அலங்கரிக்கும் பழைய கம்பளங்கள் சிலவற்றைத் தக்காணத்தில் செய்யப்பட்டவையாக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டதில் அவற்றின் நெசவமைப்பு பற்றிய ஆராய்ச்சிக்குப் பங்குண்டு. பூவேலையைப் பிற நாட்டவர் நகலெடுக்கலாம். நூலை முறுக்கும் கைப்பழக்கத்தை அவ்வளவு எளிதாக நகலெடுக்க இயலாது.

1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் இந்தியக் கம்பளங்கள் பெற்ற பாராட்டு, அத்தொழிலுக்குக் கேடாகவும் முடிந்தது. பெருகிய தேவையை ஈடுகட்ட ஆக்ரா, லாகூர், எரவாடா முதலிய சிறைகளில் கைதிகளைக் கொண்டு கம்பளம் கட்டும் பட்டறைகள் இயங்கின. கூலிச் செலவு இல்லாத அவற்றோடு ஊர்ப்புறத் தறிகள் விலையில் போட்டியிட வேண்டியிருந்தது. முடிச்சு நெருக்கம் குறைந்தது, மலிவுச் சாயம் புகுந்தது. 1880இல் இந்தியக் கைத்தொழில்கள் குறித்து நூல் எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட் இச்சீரழிவுக்குச் சிறைப் பட்டறைகளைக் கடுமையாகச் சாடினார். கைவேலைக் கூலியைக் குறைக்கும் இந்த அழுத்தமே பிற்காலத்தில் சிறார் உழைப்புக்கும் இடமளித்தது. நுண்ணிய முடிச்சுக்குச் சிறுவிரல்கள் தேவை என்று கூறப்பட்டுவந்த வாதம், 1990களில் உலகத் தொழிலாளர் அமைப்பு நடத்திய ஆய்வில் ஆதாரமற்றது எனத் தெரியவந்தது.

அதே 1851ஆம் ஆண்டுப் பொருட்காட்சியில் மற்றொரு பொருளும் இருந்தது: அமெரிக்கரான எராஸ்டஸ் பிகலோ உருவாக்கிய விசைத்தறியில் நெய்த பிரசல்ஸ் கம்பளம். இவ்வகையில் முடிச்சே கிடையாது. அடித்தளப் பாவோடு குச்சுக்கென்றே தனிப் பாவு ஒன்று ஓடும். அது குறுக்கே செருகிய கம்பியின்மேல் ஏறி இறங்கி, அடுத்த ஊடையால் கீழே பிணைக்கப்படும். கம்பியை உருவினால் வளையம் நிற்கும். கம்பியின் நுனியில் கத்தி இருந்தால் உருவும்போதே வளையம் வெட்டுப்பட்டுக் குச்சாகும். வளையமாக விட்டது பிரசல்ஸ், வெட்டியது வில்டன். குச்சைப் பிடிப்பது ஊடையின் இறுக்கம் மட்டுமே. மேலும், ஒரு நிறம் மேல்முகத்தில் தேவைப்படாத இடங்களில் அந்நிறப் பாவு கம்பளத்தின் உடலுக்குள் புதைந்து செல்ல வேண்டியிருப்பதால், நிறம் கூடக்கூட நூலும் எடையும் விலையும் ஏறின. பாவு நூல்களை வடிவத்துக்கேற்பத் தேர்ந்து உயர்த்தும் ஜக்கார்டு பொறி வந்த பின்னும் ஐந்து நிற அளவைத் தாண்டுவது அரிதாகவே இருந்தது. புதைந்த நூல் வீணென்று தோன்றினாலும், வில்டன் கம்பளத்தின் கனத்துக்கும் மிதிதாங்கும் தன்மைக்கும் அதுவும் ஒரு காரணம்.

நிறத்தடையை நீக்கியது ஆக்ஸ்மின்ஸ்டர் தறி. இப்பெயர், 1755இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்மின்ஸ்டர் ஊரில் துருக்கிக் கம்பளத்தைப் பார்த்துக் கைமுடிச்சுக் கம்பளம் கட்டத் தொடங்கிய தாமஸ் விட்டியின் பட்டறையிலிருந்து வந்தது. அப்பட்டறை 1835இல் மூடப்பட்டது. ஹால்சியான் ஸ்கின்னர் 1870களில் அமெரிக்காவில் உருவாக்கிய விசைத்தறிக்கு அதன் பெயர் மட்டுமே எஞ்சியது. அத்தறியில் குச்சின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நீண்ட குழல். அவ்வரிசைக்குத் தேவையான நிறங்கள் அதே ஒழுங்கில் அக்குழலில் சுற்றப்பட்டிருக்கும். இயந்திரம் நூல்முனைகளை ஊடைகளுக்கிடையே நுழைத்து, பிணைத்து, வெட்டிவிடும். எத்தனை நிறமும் வரலாம். புதையும் நூல் மிகக் குறைவு. முடிச்சுக் கம்பளத்தின் தோற்றம் முடிச்சில்லாமலே கிடைத்தது.

பசையின் காலம் எதிர்பாராத இடத்தில் தொடங்கியது. 1895இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் ஊரில் கேத்தரின் எவான்ஸ் என்னும் பதின்வயதுப் பெண், பழைய படுக்கைவிரிப்பொன்றைப் பார்த்து, பருமனான நூலைத் துணியில் தைத்து, வெட்டி, குச்சுகளால் பூவேலை செய்தார். தைத்த துணியை வெந்நீரில் அலசியபோது துணி சுருங்கி நூலை இறுகப் பிடித்துக்கொண்டது. 1900இல் அவர் ஒரு விரிப்பை இரண்டரை டாலருக்கு விற்றார். அவரைப் பின்பற்றிய வீட்டுத்தொழில் டால்டனைச் சுற்றிப் பரவியது. தையல் வேலை பின்னர் பல ஊசிகள் கொண்ட இயந்திரத்துக்கு மாறி, 1950களில் அறை முழுவதும் விரிக்கும் அகலத்துக்கு வளர்ந்தபோது, துணிச் சுருக்கம் போதவில்லை. பின்புறத்தில் லேடெக்ஸ் பசை பூசப்பட்டது. நூற்றுக்கணக்கான ஊசிகள் முன்கூட்டியே நெய்த துணியில் ஒரே நேரத்தில் குத்தி இறங்கும் இம்முறையின் வேகத்தோடு எந்த நெசவுத் தறியும் போட்டியிட இயலவில்லை. நைலான் இழையும் சேர்ந்துகொள்ள, அமெரிக்காவில் நெய்த கம்பளம் சிறுபான்மையாகச் சுருங்கியது.

இம்முறையின் கைவடிவம் இந்தியாவின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரத்தில் பரவலாக உள்ளது. சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய துணியின் பின்பக்கம் வரைபடம் தீட்டி, துப்பாக்கி போன்ற கைக்கருவியால் நூலைக் குத்தி ஏற்றி, லேடெக்ஸ் பூசி, அதன்மேல் மற்றொரு துணியை ஒட்டி மறைத்துவிடுகின்றனர். கைமுடிச்சில் பல மாதம் பிடிக்கும் அளவு இதில் சில நாட்களில் முடிகிறது. ஆனால் லேடெக்ஸ் காலப்போக்கில் காற்றுபட்டு இறுகி, நொறுங்கித் தூளாகிறது. விலையைக் குறைக்கச் சுண்ணாம்புக்கல் தூள் மிகுதியாகக் கலந்திருந்தால் இது விரைவிலேயே நிகழும். அப்போது பின்துணி உரிகிறது, குச்சு பிடிப்பிழக்கிறது. நீரில் நன்கு ஊறவைத்து வெளுப்பதும் இத்தகைய கம்பளத்துக்கு ஆகாது. கைமுடிச்சில் ஓரக்குஞ்சம் பாவு நூலின் நீட்சி. இதிலோ அது பின்னர் தைத்து ஒட்டும் அலங்காரம். பின்புறத் துணி மறைப்பது பசையை மட்டுமல்ல, முடிச்சின் இன்மையையும்தான். "கைவேலை" என்ற சொல் இரண்டுக்கும் பொருந்திவிடுவதால், வாங்குவோரின் குழப்பம் தீர்வதில்லை.

இந்த வேறுபாட்டை வணிக விளம்பரங்களைவிடத் தெளிவாகப் பதிவுசெய்திருப்பது சுங்கவரி அட்டவணை. 1988 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டுப் பொருள்வகைக் குறியீட்டின் 57ஆம் அத்தியாயம் தரைவிரிப்புகளை முதலில் கட்டுமானத்தைக் கொண்டே பிரிக்கிறது. இழைவகை அதற்கடுத்த நிலையிலேயே வருகிறது. முடிச்சுக் கம்பளத்துக்கு 5701, நெய்தவற்றுக்கு 5702, ஊசியால் குத்தி ஏற்றிய குச்சுக்கு 5703. இதன்படி பவானி ஜமக்காளமும் வில்டன் கம்பளமும் 5702இல் அடங்குகின்றன. பதோஹியில் துப்பாக்கிக் கருவியால் கையால் செய்த கம்பளி விரிப்பு, டால்டன் ஆலைகளின் நைலான் கம்பளத்தோடும் செயற்கைப் புல்தரையோடும் சேர்த்து 5703இல் வைக்கப்படுகிறது.