சிறகுச் சுழல்களுக்கான வலைத் தகவமைப்பு

சிறகுச் சுழல்களுக்கான வலைத் தகவமைப்பு என்பது, விமானச் சிறகின் முனையில் தோன்றும் காற்றுச் சுழல்களைக் கணினியில் கணிக்கும்போது, கணிப்பு வலையைச் சுழலின் பாதைக்கு ஏற்ப நுண்ணியதாக்கும் முறை ஆகும்.

தேவை

சிறகின் கீழ்ப்புற அழுத்தம் மேற்புறத்தை விட அதிகமாதலால், காற்று முனையைச் சுற்றி மேலேறிச் சுழலாகிறது. இது பின்வரும் சிறு விமானத்தைப் புரட்டிவிடக்கூடும். பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பின் வழமையான வகைப்பாட்டின்படி, கனரக விமானத்தின் பின் தரையிறங்கும் இலகுரக விமானம் 6 கடல் மைல் (ஏறத்தாழ 11 கிமீ) இடைவெளி விடவேண்டும்.

சிக்கல்

சுழலின் கரு மிக மெல்லியது. வலையின் கண்ணிகள் பெரிதாயின், கணிப்புப் பிழை செயற்கையான பாகுநிலை போலச் செயற்பட்டு, சுழல் உண்மையை விட விரைவில் கரைந்ததாகக் காட்டும். முப்பரிமாண வலை முழுவதிலும் கண்ணியின் பக்கத்தைப் பாதியாக்கினால், கண்ணிகளின் எண்ணிக்கை 8 மடங்காகும்.

செயல்முறை

1. பருமனான வலையில் முதல் தீர்வு காணப்படும்.
2. சுழற்சி மிகுந்த கண்ணிகள் கண்டறியப்படும்.
3. அவை மட்டும் சிறு கண்ணிகளாகப் பிரிக்கப்படும்.
4. தீர்வு குறிப்பிடத்தக்க அளவில் மாறாத நிலை வரும்வரை இவை மீண்டும் செய்யப்படும்.

மார்ஷா பெர்கர், ஜோசப் ஆலிகர் ஆகியோர் 1984 இல் வெளியிட்ட தகவமை நுண்ணாக்க முறை இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று.

வரம்பு

கொந்தளிப்பு மாதிரி பிழையானதாயின், வலையை நுண்ணியதாக்குவதால் மட்டும் அப்பிழை நீங்காது. எனவே முடிவுகள் காற்றுச் சுரங்க அளவீடுகளுடன் ஒப்பிடப்படுகின்றன.